படிவம் கடைசி, பெயர் முதல்: கட்டட மீட்புத் தொழில் சங்கத்தில் சேவை அமைப்பாகச் சேரும் வழி

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், சிந்துபூந்துறையில் ஒரு வீட்டின் பட்டாசலில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. "இந்தச் சுவர் காய எத்தனை நாள் ஆகும் தம்பி, எப்போது வெள்ளையடிக்கலாம்?" என்று வீட்டுக்கார ஆச்சி கேட்டார். கூட வந்த இரண்டு கொத்தனார்களும் இரண்டு பதில் சொன்னார்கள். எனக்கு எந்தப் பதிலும் தெரியவில்லை.

நனைந்த, எரிந்த கட்டடங்களை மீட்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் தனித் தொழில். அந்த நிறுவனங்களுக்கென்று தொழில் சங்கங்கள் இருக்கின்றன. பயிற்சி, கையேடு, அனுபவசாலிகளிடம் கேள்வி கேட்கும் வசதி எல்லாம் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும். சில சங்கங்கள் லாப நோக்கமற்ற அமைப்புகளைத் தனி வகையாக, குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொள்கின்றன. வெள்ளத்துக்குப் பின் சேறு அள்ளப் போன நாங்கள் எட்டுப் பேர் அப்படி ஒன்றில் சேர முடிவு செய்தோம். 2024 ஜனவரியில் தொடங்கி, உறுப்பினர் கடிதம் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில். பதின்மூன்று மாதம். வரிசை தெரிந்து செய்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசை இதுதான்.

1. இந்த உறுப்பினர் பதவி உங்களுக்குத் தேவையா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். உறுப்பினராவது வேறு, சான்றிதழ் பெறுவது வேறு. நீர்ச் சேதத்தைக் கையாளும் முறைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் எஸ்500 என்ற தரநிலையை வெளியிடுவது ஐஐசிஆர்சி என்ற அமைப்பு. அதன் தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழ் தனி ஆளுக்கு உரியது. தொழில் சங்க உறுப்பினர் அட்டையை வைத்துக்கொண்டு "சர்வதேசச் சான்று பெற்ற அமைப்பு" என்று பேனரில் அச்சடித்தால் அது பொய்.

எஸ்500 நீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: குழாய் உடைந்து வரும் சுத்தமான நீர், அழுக்கு கலந்த நீர், நோய்க்கிருமி நிறைந்த நீர். ஆறு பொங்கி வீட்டுக்குள் வந்தால், அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மூன்றாம் வகை. தாமிரபரணித் தண்ணீர் புனிதம் என்று வளர்ந்த எங்களுக்கு இதை ஒப்புக்கொள்வதே கொஞ்சம் சிரமமாக இருந்தது. உங்களுக்குத் தேவை இந்த அறிவு மட்டும்தான் என்றால் தரநிலைப் புத்தகத்தை வாங்குங்கள், ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். சங்கத்தில் சேர வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு கேள்வி. வேலைக்குக் கூலி வாங்குகிறீர்களா? வீட்டுக்காரரிடம் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் ஆன செலவை மட்டும் வாங்கினால் நீங்கள் சேவை அமைப்பு. கூலியும் மேற்கொண்டு லாபமும் வைத்தால் ஒப்பந்ததாரர் வகையில்தான் வருவீர்கள். அங்கே கட்டணம் பல மடங்கு. சலுகைக்காக இதை மறைக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கைக் கேட்பார்கள், அதில் தெரிந்துவிடும்.

விதிகளில் ஓட்டுரிமை பற்றிய பகுதியையும் படித்துவிடுங்கள். நான் பார்த்த சங்கங்களில் லாப நோக்கமற்ற உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. எங்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

2. ஆங்கிலத்தில் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

சிரிக்காதீர்கள். பதின்மூன்று மாதத்தில் நான்கு மாதத்தைத் தின்றது இதுதான்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம். கணக்கு எழுதும் பெண் ஆறு நகல்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை வட்டமிட்டார். "அண்ணாச்சி, பான் கார்டில் எச் இருக்கிறது, பதிவுச் சான்றிதழில் எச் இல்லை. வங்கிப் புத்தகத்தில் எச் இருக்கிறது, ஆனால் 'சங்கம்' என்ற சொல்லில் ஒரு ஏ குறைகிறது. இதில் எது நீங்கள்?" என்று கேட்டார். எங்கள் அமைப்பின் பெயரில் திருநெல்வேலி இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு மாதிரி நிரப்பியிருந்தோம்.

அரசு ஆவணங்களிலும் ரயில் நிலையப் பலகையிலும் ஊர்ப்பெயர் எச் இல்லாமல்தான் இருக்கிறது. நீங்கள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் முதல் கூட்டத்திலேயே, "ஆங்கிலத்தில் சங்கத்தின் பெயர் இந்த எழுத்துகளில்தான் எழுதப்படும்" என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு எந்தப் படிவமானாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்து நிரப்புங்கள். முடிந்தால் பெயரில் ஊரையே போடாதீர்கள்.

நிர்வாகிகளின் சொந்தப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். ஆதாரில் இனிஷியலாக நிற்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியும், இல்லாவிட்டால் பான் அட்டையில் உள்ளபடியும் எழுதுவது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் அமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள்

ஏற்கெனவே பதிவான அமைப்பு என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர். அவர்கள் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பதிவுத்துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பித்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அசல்களைக் காட்ட வேண்டும். தேவைப்படுபவை: நோக்கங்கள் அடங்கிய மெமோரண்டம், பைலா, ஏழு பேரின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்குச் சான்று. வாடகை இடமோ உறுப்பினர் வீடோ என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வீட்டுத் தீர்வை ரசீதும் சேர்த்து வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் பலரும் அலையும் இடம் ஒன்று உண்டு. பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே பாளையங்கோட்டை ஒரு பதிவு மாவட்டம், சேரன்மகாதேவி இன்னொன்று. அலுவலக முகவரி எந்தப் பதிவு மாவட்டத்தில் வருகிறது என்று பார்க்காமல் பஸ் ஏறினால் ஒரு நாள் வீண். எங்கள் செயலாளர் ஏறினார்.

பழைய மாதிரிப் படிவங்களைப் பார்த்துப் பிரமாணப் பத்திரத்துக்கு 20 ரூபாய் முத்திரைத்தாள் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2024 முதல் அது 200 ரூபாய்.

பைலாவில் இரண்டு விதிகளை மட்டும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். மற்றவை மாதிரியில் இருப்பதே போதும். ஒன்று: சங்கத்தின் வருமானமோ சொத்தோ உறுப்பினர்களுக்குப் பங்கிடப்படாது. இரண்டு: சங்கம் கலைக்கப்பட்டால் மீதமுள்ள சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு லாப நோக்கமற்ற அமைப்புக்குத்தான் போகும். வெளிநாட்டுச் சங்கத்தின் உறுப்பினர் குழு நம்முடைய பைலாவில் முதலில் தேடுவது இந்த இரண்டு வரிகளைத்தான். எங்கள் முதல் வரைவில் கலைப்பு விதியே இல்லை. ஏழு பேரில் ஐந்து பேர் ஒரே குடும்பமாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வரித்துறை கேட்கும், ஊரும் கேட்கும்.

4. பான், வங்கிக் கணக்கு, 12ஏ, தர்பண்

இவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

பான் அட்டைக்கு எங்களுக்கு ஆனது 107 ரூபாய், இரண்டு வாரம். எச் திருத்தத்துக்குப் பிறகு மறுபடியும் 107 ரூபாய், மூன்று வாரம்.

வங்கிக் கணக்குக்குப் பதிவுச் சான்றிதழ், பைலாவின் சான்றிட்ட நகல், பான், கணக்குத் தொடங்கும் தீர்மானம், கையொப்பமிடுவோரின் ஆவணங்கள் போதும். பதிவான சங்கம் சேமிப்புக் கணக்கே தொடங்கலாம். நடப்புக் கணக்குத்தான் தருவோம் என்று கிளையில் சொன்னால், குறைந்தபட்ச இருப்புத் தொகையைப் பார்த்துவிட்டு மறுபடியும் சேமிப்புக் கணக்கையே கேளுங்கள்.

தொண்டு அமைப்புக்கு வரி விலக்கு தரும், வருமான வரிச் சட்டத்தின் 12ஏ பதிவுக்கு 2024இல் நாங்கள் படிவம் 10ஏ வழியாக இணையத்தில் விண்ணப்பித்தோம். அரசுக் கட்டணம் கிடையாது, ஆடிட்டருக்குத்தான் செலவு. தற்காலிகப் பதிவு 3 ஆண்டுக்குக் கிடைக்கும். விண்ணப்பித்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் ஆணை வர வேண்டும், வந்தது. ஆனால் வேலையைத் தொடங்கிவிட்ட அமைப்புக்கும் இன்னும் தொடங்காத அமைப்புக்கும் வழி வேறு வேறு. நீங்கள் எதில் வருகிறீர்கள் என்பதை ஆடிட்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். புதிய வருமான வரிச் சட்டத்தில் படிவ எண்கள் மாறுகின்றன. நான் சொல்லும் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

தொண்டு அமைப்புகளைப் பட்டியலிடும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்தில் பதிவு இலவசம். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறோம் என்பவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

5. மொழிபெயர்ப்பு

பைலா தமிழில் இருந்தால் ஆங்கிலப் பிரதி வேண்டும். முழுவதையும் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் "இது மூலத்துக்கு உண்மையானது" என்று எழுதிக் கையொப்பமிட, நோட்டரி வக்கீலிடம் சான்று வாங்கினோம். பதினொரு பக்கம், மொழிபெயர்ப்புக்கும் நோட்டரிக்கும் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "சங்கம்" என்பதை ஆங்கிலத்தில் நேராக மாற்றினால், அவர்களுக்கு அது வணிகர்கள் கூடி நடத்தும் அமைப்பு போலத் தெரியும். அமெரிக்க வரிச் சட்டத்தில் தொண்டு அமைப்புகள் 501(சி)(3) என்ற பிரிவிலும், தொழில் சங்கங்கள் 501(சி)(6) என்ற பிரிவிலும் வரும். இரண்டுமே லாப நோக்கமற்றவைதான். எங்கள் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, "எங்களைப் போன்ற இன்னொரு தொழில் சங்கம் ஏன் எங்களிடம் சேர வேண்டும்?" என்று எழுதிக் கேட்டார்கள். அதற்குப் பதில் எழுதிப் புரியவைக்க ஆறு வாரம். முன்கடிதத்தின் முதல் வரியிலேயே நீங்கள் ஒரு தொண்டு அமைப்பு என்பதை எழுதிவிடுங்கள்.

6. செய்த வேலைக்குச் சான்று சேருங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. இதற்குக் காசு செலவில்லை, கவனம் மட்டும் போதும்.

ஐந்து வீடுகளின் விவரம் கேட்டார்கள்: வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, முடிந்தபின் எடுத்த படங்கள், என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அரைப் பக்கம். எங்களிடம் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. முக்கால்வாசியில் ஆட்கள் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள், சுவர் தெரியவில்லை.

ஒரே இடத்தில் நின்று ஒரே சுவரை எடுங்கள். தரையிலிருந்து ஓர் அளவு நாடாவைச் சுவரில் ஒட்டிவிட்டு எடுத்தால், ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, வாரா வாரம் எவ்வளவு இறங்குகிறது என்று படமே சொல்லும். மீனாட்சிபுரத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக் காரை வீட்டில் தார்சாவின் இடது சுவரை அப்படி ஒன்பது வாரம் எடுத்தோம். அதே வீட்டில் அங்கணத்துச் சுவருக்கு யாரோ எப்போதோ சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் இறங்கிக்கொண்டே வர, சிமென்ட் பூசிய சுவரில் கோடு அசையவே இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழியின்றி மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்புப் பூத்துப் பொரிந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினோம். மொத்த விண்ணப்பத்தில் அவர்கள் தாமாகவே பாராட்டி எழுதியது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

ஈரமானி வைத்திருந்தால் எண்களையும் குறியுங்கள். கூடவே "ஒப்பீட்டு அளவு" என்று எழுதுங்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஈரமானிகள் மரத்துக்காக அளவு செய்யப்பட்டவை. செங்கல் சுவரில் அது காட்டும் சதவீதம் உண்மையான சதவீதம் கிடையாது. காய்ந்த சுவர் ஒன்றிலும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் படிப்பவர் மதிப்பார்.

வீட்டுக்காரரிடம் படம் வெளியிட ஒரு வரி சம்மதம் எழுதி வாங்குங்கள். கதவு எண் தெரியும் படத்தை வெட்டிவிடுங்கள்.

7. இப்போது படிவத்தைத் திறங்கள்

ஆவணங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்போதுதான் இந்தப் படி. நான் இங்கிருந்துதான் தொடங்கினேன், அதுதான் பிழை. பாதி நிரப்பிய படிவம் சில வாரத்தில் காலாவதியாகிவிடுகிறது.

வரி எண் கட்டத்தில் அமெரிக்க வரி எண்ணைத்தான் கேட்கிறார்கள்: ஒன்பது இலக்கம். நம்முடைய பான் பத்து இடம். அதில் ஆறு எழுத்து, நான்கே எண். கட்டம் எழுத்தை ஏற்கவில்லை. நான் எழுத்துகளை விட்டுவிட்டு, நான்கு எண்ணுக்கு முன்னால் ஐந்து பூஜ்யம் போட்டு அனுப்பினேன். இரண்டாம் நாள் நிராகரிப்பு வந்தது. நீங்கள் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செய்யாதீர்கள். உறுப்பினர் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, "நாங்கள் இந்தியாவில் பதிவானவர்கள், அமெரிக்க வரி எண் கிடையாது, என்ன நிரப்புவது?" என்று கேளுங்கள். பதிலாகக் கையால் நிரப்பும் படிவம் ஒன்று வரும்.

தொண்டு அமைப்பு என்பதற்கான 501(சி)(3) கடிதம் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். பதிவுச் சான்றிதழ், 12ஏ ஆணை, கலைப்பு விதியின் மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் இணைத்து, "எங்கள் நாட்டில் இதற்கு ஈடான ஆவணங்கள் இவை" என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவரின் பரிந்துரை கேட்டால் பயப்பட வேண்டாம். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ஆசிய நாடுகளில் உள்ள நிறுவனங்களுக்கு, ஆறாவது படியில் சொன்ன படங்களோடு எழுதுங்கள். ஒன்பது பேருக்கு எழுதினேன், மூவர் பதில் எழுதினார்கள், இருவர் ஒப்புக்கொண்டார்கள்.

காணொலி நேர்காணல் அரைமணி நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் 7.30. அவர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில் நேரம் தந்தார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே சட்டையை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தோம். மார்ச்சில் இது நடந்திருந்தால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருப்போம்.

8. பணம் கட்டுவது

ஒப்புதல் வந்தபின் 30 நாளில் கட்ட வேண்டும் என்றார்கள். அது நிறைய நேரம் என்று நினைத்தோம்.

இருவர் கையொப்பமிட்டு நடத்தும் சங்கக் கணக்குக்கு எங்கள் வங்கி டெபிட் கார்டு தரவில்லை. பெரும்பாலும் எங்கும் தருவதில்லை. மிச்சம் இரண்டு வழி. வங்கி வழியாக அனுப்புவதென்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவம் நிரப்ப வேண்டும், வருமான வரித் தளத்தில் ஓர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், சிறிய கிளையில் இதைச் செய்து பழகியவர் விடுப்பில் இருப்பார். போதாக்குறைக்கு, நடுவில் உள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டால் வெளிநாட்டுச் சங்கத்துக்குச் சில டாலர் குறைவாகப் போய்ச் சேரும். உறுப்பினர் பதவி நிறுத்தி வைக்கப்படும். எல்லா வங்கிக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் தேர்வைக் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். பொருளாளர் தன் கார்டில் கட்டுவது, சங்கம் அவருக்குத் திருப்பித் தருவது. கட்டும் முன்பே தீர்மானம் போடுங்கள். ரசீது சங்கத்தின் பெயரில் வர வேண்டும். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாக இயங்காது. வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும், முடிந்ததும் மூடிவிட வேண்டும். டாலர் விலைக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம், அந்தக் கூடுதலின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பட்ஜெட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் கட்டிய கட்டணத்தை 12ஏ கணக்கில் எப்படிக் காட்டுவது, ரிவர்ஸ் சார்ஜ் முறையில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டுவது) ஜிஎஸ்டி வருமா என்ற இரண்டையும் பணம் போகும் முன் ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வரி விலக்கு என்பது இந்தியாவில் செலவிடப்படும் பணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

9. சேர்ந்த பிறகு வரும் ஆபத்து

சேர்ந்த இரண்டாவது மாதம், சக உறுப்பினரான ஒரு நிறுவனம் அன்போடு எழுதியது: பயன்படுத்திய ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரண்டும் கொஞ்சம் பணமும் அனுப்புகிறோம் என்று. நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஆடிட்டர் உட்காரச் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து சங்கத்துக்கு வரும் பணம் மட்டுமல்ல, பொருளும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. பதிவுக்கு அமைப்பு 3 ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பணம் வரும் கணக்கும் ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற சிறிய அமைப்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. உறுப்பினர் கட்டணத்தில் சலுகை பெற்றதை எங்கள் ஆடிட்டர் சிக்கலாகப் பார்க்கவில்லை. பரிசு, பயண உதவி, உபகரணம் என்று எது வந்தாலும் "நன்றி, எங்கள் நாட்டுச் சட்டப்படி வாங்க இயலாது" என்று எழுதிவிடுங்கள். இயந்திரங்களுக்குப் பதில் அவற்றை இயக்கும் முறையை இணையம் வழியாகச் சொல்லித் தரக் கேட்டோம். இரண்டு மாலைகள் சொல்லித் தந்தார்கள்.

புதுப்பித்தல் பற்றி ஒன்று. அவர்கள் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நம்முடைய கணக்காண்டு ஏப்ரலில். அக்டோபரில் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு முழு ஆண்டுக் கட்டணம் போய்விடும். மாத விகிதத்தில் குறைப்பீர்களா என்று கேளுங்கள், அல்லது ஜனவரி வரை பொறுங்கள். கார்டில் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நம்ப வேண்டாம்; ரிசர்வ் வங்கியின் விதிகளால் வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தம் இங்கே அடிக்கடி தவறிவிடுகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் நாட்காட்டியில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். புதுப்பிக்கும்போது அந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் மறுபடியும் கேட்பார்கள், ஆங்கிலத்தில்.

அதை அனுப்பும் முன் பெயரில் எச் இருக்கிறதா என்று பாருங்கள்.